சிறு கருவிகளின் கூட்டு வேலை

யார் எத்தனை தடவை பற்றுக்கு வாங்கினார் என்றறிய, கெடாத் தோட்டப்புறக் கடைகளில் நாம் மாதக் கடைசியில் ஏடு புரட்டுகிறோம். கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் முறை இருந்தால் ஒரு வரி போதும்.

அமெரிக்க பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1969-ல் பிறந்த அம்முறையில், டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனைப்படி 1973-ல் ‘குழாய்’ சேர்ந்தது. ஒரு கருவி தருவதை அடுத்த கருவி வாங்கிக்கொள்ளும்.

ஒரு விற்பனைக்கு ஒரு வரியாக, பெயரும் ‘பற்று’ அல்லது ‘ரொக்கம்’ என்பதும் மட்டும் எழுதி, ‘கணக்கு’ என்று பெயரிட்டு வைப்போம். பிறகு:

கிரெப் பற்று கணக்கு | சார்ட் | யூனிக் -சி

கிரெப் பற்று வரிகளைப் பொறுக்கும், சார்ட் ஒரே பெயரை அடுத்தடுத்து வைக்கும், யூனிக் எண்ணும். சார்ட்டை விடலாகாது. யூனிக் அடுத்தடுத்த வரிகளையே ஒப்பிடுமாதலால், ஒருவர் பெயர் பல இடங்களில் சிதறிவிடும்.

ஒரே பெயருடையோர் இருவரானால் தோட்டப் பெயரையும் சேர்த்தெழுதுவோம். இல்லையேல் ஒருவர் பற்று மற்றவர் தலையில் விழும். கருவி எண்ணித் தரும். சரியாக எழுதுவது நம் கடமை.