கருஞ்சீரகமும் நரம்பு உறையும்: ஆய்வுகள் சொல்வது என்ன?



மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நம் நரம்பிழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்பு உறை இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைத் தாக்கி அரிக்கும் நோய்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களையே அதிகம் பாதிக்கிறது. ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

"ஊசியை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரக எண்ணெய் கொடுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கருஞ்சீரகத்தில் ஷிஃபா உண்டு என நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதில் நமக்கு ஐயமில்லை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அவர்களே. எந்த நோய்க்கு, எந்த அளவில், எப்படி என்று ஆராய்ந்தறிவது நம் பொறுப்பு.

கருஞ்சீரகத்தின் முக்கியச் சத்து தைமோகுவினோன். எம்.எஸ். போன்ற நோயைச் செயற்கையாக உண்டாக்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அழற்சி தணிந்தது. கருஞ்சீரகம் கொடுக்கப்பட்ட எலிகளில் உறைச் சேதமும் குறைந்தது. மஞ்சளின் குர்குமினும் எலிகளில் நோயைத் தணித்ததாக 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆனால் நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா? பச்சைத் தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்னும் பொருளும் எலிகளில் நல்ல பலன் தந்ததுதான். ஜெர்மனியில் 122 நோயாளிகளை இரு பிரிவாக்கி, வழக்கமான ஊசியோடு ஒரு பிரிவினருக்கு அதையும், மறு பிரிவினருக்குப் போலி மருந்தையும் 18 மாதங்கள் கொடுத்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எனவே கவனிக்க வேண்டியவை:

1. உணவில் கருஞ்சீரகம், மஞ்சள் சேர்ப்பதில் தடையில்லை. அவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். மஞ்சள், பச்சைத் தேயிலை மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதுண்டு.

2. மருத்துவர் தரும் ஊசியோ மாத்திரையோ நோயை அடியோடு நீக்காது. புதிய தாக்குதல்களைக் குறைக்கும். உறை ஓரளவு மீண்டும் வளரலாம். உள்ளிருக்கும் நரம்பிழை அறுந்துவிட்டால் இழந்தது மீள்வது அரிது. மருந்தை நிறுத்துவதிலுள்ள ஆபத்து இதுவே.

3. மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை நல்குவானாக. ஆமீன்.