சின்னக் காசுக்குச் சின்னக் கேள்வி

அன்பின் மகளுக்கு,

பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வு நிதிக்கு நீங்கள் எழுதிய விண்ணப்பத்தை வாசித்தேன். தலைப்பு: ‘கிழக்கு மாகாணத்தில் ஜனநாயகமும் குடிமை வாழ்வும்’. கேட்டிருக்கும் தொகையோ நல்ல மடிக்கணினி ஒன்று வாங்கவும் காணாது. அந்தக் காசில் மூன்று மாவட்டங்களை அளந்து முடிப்பேன் என்றால் மதிப்பீட்டுக் குழுவில் யார் நம்புவார்? காசைக் கூட்டிக் கேட்கச் சொல்லவில்லை. கேள்வியைச் சுருக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வளாகத்தின் வாசலைத் தாண்டினாலே விஷயம் இருக்கிறது. வளாகம் இருக்கும் ஒலுவில், அட்டாளைச்சேனைப் பிரதேச சபையின் எல்லைக்குள் வருவது. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அப்போது நடக்கவேண்டிய தேர்தல், திறைசேரியில் காசில்லை என்று தள்ளித் தள்ளி, 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல், வட்டார உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே சபையை நடத்தினார்கள். கல்முனை மாநகர சபைக்கு அந்த மே மாதமும் தேர்தல் இல்லை, விவகாரம் நீதிமன்றத்தில். காரைதீவும் நிந்தவூரும் அட்டாளைச்சேனையும் வாக்களித்தபோது கல்முனை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே கடற்கரை, ஒரே பிரதான வீதி, ஒரே பஸ். இப்படி ஓர் ஒப்பீட்டை எந்த ஆய்வாளரும் தானாக உண்டாக்க முடியாது. உறுப்பினர் இல்லாத காலத்தில் குப்பை ட்ராக்டர் குறைவாக வந்ததா, கூடுதலாக வந்ததா? கூடுதலாக வந்தது என்று பதில் கிடைத்தால் நமக்குக் கசக்கும். கசந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

இதை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். றொபேர்ட் புட்னமின் இத்தாலி ஆய்வை வகுப்பில் படித்திருப்பீர்கள். 1993இல் நூலாக வந்தது. அதில் எல்லோரும் சமூக மூலதனத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் நடுவில் வரும் ஒரு சின்ன வேலை. 1983இல் அவர்கள் ஒவ்வொரு பிராந்திய அரசுக்கும் சாதாரணக் குடிமகன் கேட்பதுபோல மூன்று விசாரணைகளை அனுப்பினார்கள்: வெளிநாட்டில் வந்த மருத்துவச் செலவைத் திரும்பப் பெறலாமா, பாடசாலை முடித்த தம்பிக்குத் தொழிற்பயிற்சி உண்டா, புதுப் பயிருக்குக் கடன் கிடைக்குமா. எமிலியா-ரொமாஞ்ஞாவில் இரண்டு கடிதங்களுக்கு ஒரு கிழமைக்குள் பதில். மூன்றாவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதுமாயிருந்தது. கலாப்ரியாவில் ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால் செலவில் ஓர் அரசை அளந்துவிட்டார்கள்.

நமக்கு அதைவிட நல்ல கருவி கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் உங்களைக் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அது முடிவு சொல்லவேண்டும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒவ்வொரு சபைக்கும் ஒரே கேள்வியை ஒரே நாளில் கொடுங்கள். கொடுத்த திகதி, ஒப்புகைச் சீட்டு, பதில் வந்த திகதி, பதில் எந்த மொழியில் வந்தது, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கேள்வி மட்டும் பொய்க் கேள்வியாக இருக்கக்கூடாது. ஊரார் கேட்க நினைத்து விட்டுவிட்டதாக இருக்கட்டும். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்தது 2022 ஜனவரியில் உலகச் செய்தியாயிற்று. எந்தச் சபை அங்கே மாதம் எத்தனை லோட் கொட்டியது, அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018இல்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. மாதாந்தக் கூட்ட அறிக்கைகளை வாங்கி, பெண் உறுப்பினர் கொண்டுவந்த பிரேரணைகளை எண்ணிப் பார்த்தால் அதுவே ஒரு கட்டுரை.

மாணவர்களிடம் வினாக்கொத்துக் கட்டைக் கொடுத்துவிட்டு அறையில் இருப்பது மட்டும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நிரப்பாத படிவம் இல்லை. பேனையோடு வருகிறவரைக் கண்டால் “என்ன தரப்போறீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் படையினருக்கும் தீவிரவாதிகளுக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இவர் யாருடைய ஆள்? இப்படிக் கேட்கிற ஒரு வீட்டின் வாசலில் நின்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் கதவு சாத்தப்படும். வாய்மொழிச் சம்மதத்துக்கு அறநெறிக் குழுவிடம் முதலே அனுமதி வாங்கிவிடுங்கள்.

‘நீங்கள் எந்தச் சங்கத்திலாவது உறுப்பினரா?’ என்ற கேள்வியையும் வெட்டிவிடுங்கள். சீட்டுப் பிடிக்கிற, மௌத்து வீட்டுக்கு முதலில் ஓடுகிற பெண்மணி அதற்கு ‘இல்லை’ என்றே சொல்வார். தாய்வழிக் குடியும் அதன் மூத்தவரான மரைக்காயரும் பள்ளிவாசல் நிர்வாகமும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தபோது அவரும் ஆய்வு மாணவர்தான். இருந்து கேட்டார்; பல முறை திரும்பி வந்தார். அவருடைய பெரிய நூல் வந்தது 2008இல். உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஆனால் அஸருக்குப் பிறகு கடைவாசலில் இருந்து கதை கேட்கிற பொறுமை தேவை.

செலவுத் திட்டத்தில் மாநாட்டுப் பயணத்தை எடுத்துவிட்டு எழுத்தாக்கத்துக்குக் காசு போடுங்கள். ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணிநேரம் போகும். நம் ஊர்ப் பேச்சைச் சரியாக எழுதக்கூடியவர் ஊர்ப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குக் கூலி கொடுக்காமல் ‘அனுபவம்’ கொடுக்கிற பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. டிசம்பர் 31க்குள் முற்பணக் கணக்கை முடிக்கவேண்டும். ஆட்டோக்காரரிடம் பற்றுச்சீட்டு கிடைக்காது; அதற்கு என்ன செய்வது என்று நிதியாளர் பிரிவில் ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள்.

ஆங்கிலத்தில் சஞ்சிகைக்கு எழுதுங்கள், பதவி உயர்வுக்கு அது வேண்டும். அதற்கு முன் நான்கு பக்கத்தில் தமிழில் ஒன்று எழுதி, தவிசாளருக்கும் எதிர்த்தரப்பு உறுப்பினருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். யாருக்கு முதலில் கொடுத்தீர்கள் என்பதை வைத்தே இந்த ஊர் உங்கள் ஆய்வை வாசிக்கும்.