லாகின் ஆனதும் வாலட் ஏன் திறக்கவில்லை?

கேடிஇ பிளாஸ்மாவில் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வருகிறோம். வைஃபை இணையும் முன்பே, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கேவாலட் இன்னொரு பாஸ்வேர்டு கேட்கிறது. எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இதற்குச் சொல்லப்படும் காரணங்களும் கைவைத்தியங்களும் பெரும்பாலும் தவறானவை. ஒன்று ஆபத்தானதும் கூட.

நம்பிக்கை: லாகின் செய்தபோதே நான் யாரென்று கணினிக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் வாலட் கேட்கத் தேவையில்லை.

உண்மை: நீங்கள் யாரென்று தெரிவதால் வாலட் திறந்துவிடாது. அது மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு கோப்பு. அதன் சாவி பாஸ்வேர்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. லாகின் திரையில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு, பிஏஎம் என்ற சரிபார்ப்பு அடுக்கு வழியாகப் போகிறது. அங்கே கேவாலட்டுக்கான பிஏஎம் தொகுதி இருந்தால், அது பாஸ்வேர்டோடு சால்ட் எனப்படும் தற்செயல் தரவுக் கோப்பைச் சேர்த்து, பல்லாயிரம் சுற்றுக் கணக்கீட்டில் சாவியை உருவாக்கி, செஷன் தொடங்கும்போது வாலட் நிரலிடம் கொடுக்கிறது. தொகுதி இல்லையென்றால் சாவியும் இல்லை. டெபியனில் அது தனி பேக்கேஜாக வருகிறது.

தொகுதி இருந்தும் திறக்கவில்லையா? லாகின் பாஸ்வேர்டும் வாலட் பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று முதலில் பாருங்கள். வாலட்டின் பெயர் இயல்பாக வரும் ‘கேடிஇவாலட்’ ஆகவே இருக்க வேண்டும். அதை ப்ளோஃபிஷ் என்ற மறையாக்க முறையில் உருவாக்கியிருக்க வேண்டும். ஜிபிஜி முறை வாலட்டை இந்த வழி திறக்காது. விரல்ரேகையால் நுழைந்தாலும், தானியங்கி லாகின் வைத்திருந்தாலும், பிஏஎம் கையில் பாஸ்வேர்டே சிக்குவதில்லை. அப்போது வாலட் கேட்பது கோளாறு அல்ல.

நம்பிக்கை: வாலட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் தொல்லை தீர்ந்தது.

உண்மை: தீரும், பாதுகாப்பும் சேர்ந்தே தீரும். காலிச் சொல்லிலிருந்து சாவி செய்ய யாராலும் முடியும். வட்டு முழுவதும் மறையாக்கப்பட்டிருந்தால் திருடுபோன மடிக்கணினிக்குக் காவல் உண்டு. வெளி வட்டில் எடுத்த பேக்கப்புக்கு அந்தக் காவல் இல்லை. உங்கள் தொல்லை வைஃபை மட்டும் என்றால் வாலட்டைத் தொடவே வேண்டாம். அந்த இணைப்பின் பாஸ்வேர்டை எல்லாப் பயனர்களுக்குமாகச் சேமிக்கும்படி நெட்வொர்க் அமைப்பில் மாற்றுங்கள். அது மறையாக்கமின்றித்தான் இருக்கும். ஆனால் ரூட் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பில் இருக்கும். வெளியே போவது ஒரே ஒரு வைஃபை ரகசியம், வங்கி பாஸ்வேர்டுகள் அல்ல.

நம்பிக்கை: லாகின் பாஸ்வேர்டை மாற்றினால் வாலட்டும் கூடவே மாறிவிடும்.

உண்மை: கேவாலட் பழைய பாஸ்வேர்டிலேயே நிற்கும், வாலட் மேலாளரில் தனியே மாற்ற வேண்டும். க்னோம் டெஸ்க்டாப்பில் இதே வேலையைச் செய்யும் கீரிங்கில், உங்கள் பாஸ்வேர்டை நீங்களே மாற்றும்போது பிஏஎம் அதையும் மாற்றிவிட வழியுண்டு. நிர்வாகி ரூட்டிலிருந்து மாற்றினால் அதுவும் நடக்காது, பழைய பாஸ்வேர்டு தெரியாமல் கீரிங்கைத் திறந்து மறுபடி பூட்ட முடியாதே!

நம்பிக்கை: தானாகத் திறப்பதைவிடக் கையால் திறப்பதே பாதுகாப்பு.

உண்மை: திறந்தபின் இரண்டும் ஒன்றுதான். உங்கள் கணக்கில் ஓடும் நிரல்கள், நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியே ரகசியங்களைக் கேட்க முடியும். அந்தக் கவலை இருந்தால், பயன்படுத்தாத நேரத்திலும் திரை பூட்டும்போதும் வாலட்டை மூடும் விருப்பங்கள் கேவாலட் அமைப்பிலேயே உள்ளன. அவற்றை இயக்கினால், மூடிய வாலட்டுக்கு மறுபடி பாஸ்வேர்டு தட்ட வேண்டிவரும்.