ஹினாவா, ஹனாவா? – ஜப்பானிய முஸ்லிம் குடும்பங்களின் பெயர்த்தேடல்

என் மலாய்த் தோழியின் அக்காள் ஜப்பானியர் ஒருவரை மணந்து கோபே நகரில் வாழ்கிறார். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935இல் எழுந்த ஊர் அது. கணவர் இஸ்லாத்தைத் தழுவியவர். பிறக்கப்போவது பெண் குழந்தை என்று தெரிந்ததும் அவர் 'ஹினா' என்ற பெயரை விரும்பினார். ஜப்பானியப் பெற்றோர் பெரிதும் விரும்பும் பெயர்களுள் அதுவும் ஒன்று. சூரியனைக் குறிக்கும் எழுத்தையும் கீரையைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து எழுதுவர். பாகிஸ்தானிலும் ஹினா உண்டு, அங்கே மருதாணி. ஆனால், மலாயில் 'ஹினா' என்றால் இழிவு! தோழியின் அம்மா அன்றிரவு சாப்பிடவே இல்லையாம். ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக எடுத்த பாவத்திற்காக இந்த வழக்கு என்னிடம் வந்தது.

பெயர் அரபியில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இஸ்லாத்தில் இல்லை. நல்ல பொருள் வேண்டும். இறைவன் அல்லாத ஒருவருக்கு அடிமை என்ற பொருள் கூடாது. 'கீழ்ப்படியாதவள்' எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயரை நபிகள் நாயகம் ஜமீலா என மாற்றியதாக நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. இத்தனைக்கும் ஆஸியா அரபுச் சொல்தான்.

ஜப்பானியச் சட்டமோ எழுத்தைப் பார்க்கிறது. பிறந்த 14 நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ 3000 கான்ஜி எழுத்துகளையும் ஹிரகானா, கதகானா எழுத்துகளையும் மட்டுமே பயன்படுத்தலாம். 1993இல் ஒரு தந்தை மகனுக்கு 'அகுமா', அதாவது 'பேய்', என்று பெயர் வைக்கப்போய், அது பெரிய வழக்காகிவிட்டது. 2025 மே 26 முதல் பெயரின் உச்சரிப்பையும் குடும்பப் பதிவேட்டில் குறிக்கிறார்கள்; அது பொதுவாக ஏற்கத்தக்க வாசிப்பாக இருக்கவேண்டும். 'ஒளி' எழுத்தை எழுதிவிட்டு 'நூர்' என்று வாசிக்கச் சொன்னால் இனிக் கேள்வி எழலாம்.

அரபுப் பெயரைக் கதகானாவில் எழுதிவிடலாமே என்றேன். எழுதலாம், ஒலிதான் சிக்கல். லகரமும் ரகரமும் அங்கே ஒன்றுதான். அலி 'அரி' ஆவார். 'அரி' என்றால் எறும்பு. உமர் 'உமரு' ஆவார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை நாமும் அப்படித்தானே உகரம் சேர்த்து அழைக்கிறோம்! அயற்சொல்லைத் தன் ஒலிக்கு வளைப்பது தமிழுக்கும் பழைய வழக்கம். (என் பெயரிலுள்ள ழகரம் பிறப்புப் பத்திரத்தில் பட்ட பாடு தனிக்கதை.)

ஆகவே, இரண்டு வழிகளை எழுதி அனுப்பினேன். ஒன்று, பொருளைப் பிடித்துக்கொள்வது: நூருக்கு ஹிகாரி, அருட்கொடை என்னும் நிஃமத்துக்கு மெகுமி. இரண்டாவது, இரு மொழிக்கும் பொதுவான ஒலியைத் தேடுவது. மினா ஜப்பானியப் பெண்பெயர். மக்கா அருகே ஹஜ் பயணிகள் தங்கும் இடமும் மினாதான். சாரா, நபி இப்ராஹீமின் துணைவியார் பெயர். இங்கே நான் சறுக்கினேன். சாராவுக்கு நான் எழுதிய கான்ஜி, புத்தர் மறைந்தபோது நிழல் தந்த சால மரத்தைக் குறிப்பது! மணல், நன்மை என்ற இரண்டு எழுத்துகளாலும் சாரா என எழுதலாம் எனப் பிறகு திருத்தி அனுப்பினேன். ஒலி பொருந்தினால் போதும் என்று நினைக்கும் பெற்றோர் இந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும்.

ஏழாம் நாள் பற்றி அவர்களுக்குள் சண்டையே இல்லை. அகீகாவும் பெயரிடலும் அன்று நடப்பது முஸ்லிம் மரபு. ஜப்பானியரும் ஏழாம் இரவில்தான் தூரிகையால் பெயரெழுதி வீட்டில் வைப்பார்கள்.

கடைசியில் 'ஹனா' என்று முடிவாகியிருக்கிறது. பூ என்னும் ஒற்றைக் கான்ஜி. மூக்குக்கும் ஜப்பானியத்தில் ஹனாதான் என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. அரபியில் மகிழ்ச்சி என்று சொல்லித் தோழியின் அம்மா உறவினருக்கெல்லாம் அறிவித்துவிட்டார். கோபே பாட்டிக்குப் பூவே போதுமாம்.