வரையாட்டின் வீடு

சென்ற கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, பாட்டி, தம்பி எல்லோருமாக நாங்கள் வரையாடு பார்க்கப் புறப்பட்டோம். இரவு இரயிலில் உடுமலைப்பேட்டை சேர்ந்து, அங்கிருந்து மறையூர் வழியாக மூணாறு செல்லும் மலைப்பாதையில் ஏறினோம். "ஆடு பார்க்கவா இவ்வளவு தூரம்? சேலையூரில் இல்லாத ஆடா?" என்று பாட்டி வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

வரை என்றால் மலை. மலையில் வாழ்வதால் அது வரையாடு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. தமிழ் விவிலியத்தில் 104-ஆம் திருப்பாடலில் கூட வரையாடு வருகிறது. அங்கே சொல்லப்படுவது பாலஸ்தீனத்து மலையாடு. மொழிபெயர்த்தவர்களுக்கு நம் மலை விலங்கின் பெயரே கைகொடுத்திருக்கிறது!

நாங்கள் சென்றது கேரளத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதற்குள்தான் இருக்கிறது. முன்னாளில் தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர் வேட்டையாடிய இடம் இது. 1971-இல் கேரள அரசு இந்நிலத்தை எடுத்துக்கொண்டு, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கியது.

வனத்துறைப் பேருந்து எங்களை இராஜமலையில் இறக்கிவிட்டது. மூடுபனியில் எதிரே நின்ற அம்மாவின் முகமே தெரியவில்லை. அரை மணி நேரம் நடந்தபின் பனி சற்று விலகியது. பாதையின் ஓரத்திலேயே, பத்தடி தூரத்தில், தாயும் குட்டியுமாக ஏழு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன! மேலே செங்குத்தான பாறை விளிம்பில் கருத்த கிடா ஒன்று. அதன் முதுகில் வெள்ளிப் போர்வை போர்த்தியது போல் வெளிறிய திட்டு. முதிர்ந்த கிடாக்களுக்கே அந்த அடையாளம் உண்டாம்.

எங்கள் தம்பி சட்டைப் பையிலிருந்து பிஸ்கெட்டை எடுத்து நீட்டிவிட்டான். வனக் காவலர் விரைந்து வந்து அவன் கையைத் தாழ்த்தினார். "தம்பி, இது மனிதன் கையைத் தேடப் பழகிவிட்டால் அப்புறம் காட்டு விலங்கு இல்லை" என்றார். அவன் முகம் வாடிவிட்டது. உண்மையில், கொடுக்கச் சொல்லிக் கண் காட்டியது நாங்கள்தான். அதை அங்கே சொல்லத் துணிவு வரவில்லை, இங்கே எழுதிவிட்டோம்.

எங்கள் அறியாமை அத்துடன் முடியவில்லை. பள்ளத்தாக்குகளில் மட்டும் சோலைக்காடு. மற்றபடி மலையெங்கும் புல். "இவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறதே, மரம் நடக்கூடாதா?" என்று கேட்டோம். ஆண்டுதோறும் மரம் நடுவிழா கொண்டாடும் நமக்கு வேறென்ன தோன்றும்?

காவலர் சிரித்தார். இப்புல்வெளிகள் காடு அழிந்ததால் உண்டானவை அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக இருப்பவை. குளிர்காலத்து உறைபனி இளமரக் கன்றுகளைக் கருக்கிவிடுவது, புல் புல்லாகவே இருப்பதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். மழைநீரை இப்புல்லும் அதன் கீழுள்ள மண்ணும் தேக்கி வைத்து, மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகின்றன. இங்கிருந்து இறங்கும் பாம்பாறு அமராவதியில் சேர்கிறது. அமராவதி காவிரியில் சேர்கிறது. உடுமலைக்கருகே பாய்கிறதே, அந்த அமராவதிதான்!

இதை அறியாமல் நீலகிரியிலும் பிற மலைகளிலும் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். தேயிலையும் பரவியது. மரம் வளர்ந்த இடத்தில் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக வழியும் இல்லை. 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளே இருந்தன. நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் கூட்டத்தைவிட இது அதிகமா என்று தெரியவில்லை! 1975-இல் இவற்றை ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நியக் களை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதும் அரசின் வரையாடு திட்டத்தில் ஒரு பகுதி.

ஊர் திரும்பிய மறுவாரம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பேருந்தில் போனோம். பள்ளிக்கரணை வந்ததும் தம்பி, "இதையும் வெறும் இடம் என்றுதானே குப்பை கொட்டினார்கள்?" என்றான். தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் சதுப்பு நிலம் அது. 2022-இல்தான் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சன்னல் வழியே கூழைக்கடாக்களை எண்ணத் தொடங்கினோம். பதினொன்று எண்ணுவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

பாட்டிக்கு மட்டும் ஒரு செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று. வரையாடு வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005-இல் மரபணு ஆய்வில் கண்டார்கள். அதை அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.