உப்புக் காற்றில் நிற்கும் விமானம்

பழைய இராணுவ விமானம் ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு முதலில் வரும் ஆசை, அதைப் புதிதாக்கிப் பார்ப்பது. அந்த ஆசையை அடக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இருப்பது இதற்குமேல் கெடாமல் நிற்கவேண்டும். பளபளப்பு பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

இங்கிலாந்தில் விமானத் தொழில்நுட்பராக வேலை செய்த காலத்தில், தனியார் சேகரிப்பாளர் ஒருவரின் ஜெட் புரோவோஸ்ட் விமானத்தை வார இறுதிகளில் பராமரிக்கும் குழுவில் இருந்தேன். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு, திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டி வீடுள்ள நண்பர் ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் பொருட்களைக் கவனித்து வருகிறேன். ஒரு விமானி அறைப் பகுதி, ஓர் உந்துவிசிறி, சக்கரங்கள், கருவிப் பலகை ஆகியவை அவரிடம் உள்ளன. குளிர்நாட்டில் பல வருடம் தாங்கும் பூச்சு இங்கே சீக்கிரம் கொப்புளிக்கிறது. ஆகவே இந்தக் குறிப்புகள் எங்கள் கடற்கரைக்கென்றே எழுதியவை.

இந்த ஊருக்கும் போர் விமானத்துக்கும் உள்ள உறவு நீண்டது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. அங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்கள் அவற்றை எதிர்த்தன. அதே நாளில்தான் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 1951இல் உருவான றோயல் சிலோன் விமானப்படை பின்னர் ஜெட் புரோவோஸ்ட்களை வாங்கியது. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அவற்றை 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது மீண்டும் தயார்செய்து சீனக்குடாவிலிருந்து பறக்கவிட்டார்கள். இவ்வளவு வரலாறு உள்ள ஊரில், ஒரு விமானத்தின் துண்டுகூடப் பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடாது என்று நினைப்பவன் நான்.

கூரைதான் முதல் செலவு

கையில் பணம் இருந்தால் பூச்சுக்குக் கொடுக்காதீர்கள், கொட்டகைக்குக் கொடுங்கள். தாழ்வாரம் நன்றாக நீண்டிருக்கட்டும். தரை சீமெந்தாகவும் நிலத்தைவிட உயரமாகவும் இருக்கட்டும். பக்கங்களை முழுவதும் அடைக்கவேண்டாம், காற்று ஓடவேண்டும். தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டுவது மிகக் கெட்ட பழக்கம். இரவு ஈரம் உள்ளேயே நின்று, பகல் வெயிலில் ஆவியாகி, மறுபடி உலோகத்தில் படியும். தூசிக்கு மூடத்தான் வேண்டுமென்றால் பருத்தித் துணி போதும்.

சக்கரங்களில் எடை நிற்கக்கூடாது. ஜாக்கி வைப்பதற்கென்று விமானத்திலேயே குறித்திருக்கும் இடங்களில் தாங்கிகளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். தகட்டின் நடுவில் முட்டுக் கொடுத்தால் அது உள்வாங்கிவிடும். புயலுக்கும் ஆயத்தம் வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. தரையில் பதித்த வளையங்களில் கட்டி வைக்காத இறக்கை, காற்றில் எழும்பப் பார்க்கும். அது செய்யப்பட்டதே அதற்காகத்தான்.

நல்ல தண்ணீர்

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழையே இல்லாத இரவிலும் விமானத்தின் தோல் உப்புநீரில் நனைகிறது என்று பொருள். விமானத் தகட்டின் அலுமினியத்தில் வலிமைக்காகச் செம்பு கலந்திருக்கும். அந்தக் கலவை உப்புக்கு எளிதில் இடம்கொடுக்கும். பக்கத்தில் இரும்பு ஆணி இருந்தால் இரண்டும் சேர்ந்து மின்கலமாகி, அரிபடுவது அலுமினியமாக இருக்கும்.

கூரைக்குள் நிற்கும் விமானத்துக்கு உப்பு படியாது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியில் நிற்பதை வாடை மழையாவது கழுவிவிடும். உள்ளே நிற்பதை யாரும் கழுவுவதில்லை. இறக்கையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட மோசமாக அரித்திருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே மென்மையாகத் தண்ணீர் விட்டு, அடிப்பக்கத்தையும் மூலைகளையும் கையால் கழுவுங்கள். வேகமாகப் பீச்சும் இயந்திரம் வேண்டாம். அது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

எங்கள் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகும். கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழை குறைவு. மார்கழியில் சேமித்த தண்ணீர் ஆடி, ஆவணி வரை வரவேண்டும் என்ற கணக்கில் தொட்டியைக் கட்டுங்கள்.

கழுவிய பிறகு அடியில் இருக்கும் வடிகால் துளைகளைப் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்து, கூடு இருந்த இடத்தில் தகட்டைக் குழி பறிக்கும். மெல்லிய மூங்கில் குச்சியால் தோண்டி எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

ரிவெட்டைப் படிக்கப் பழகுங்கள்

நோய் எங்கே இருக்கிறது என்பதை, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் வரிசை சொல்லிவிடும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தகட்டோடு கண்ணை ஒட்டிப் பாருங்கள். ஒரு ரிவெட் தலையைச் சுற்றிப் பூச்சு மிளகளவு புடைத்திருக்கும். பெருவிரலால் அமுக்கினால் மெல்ல நொறுங்கும். உள்ளே வெள்ளைத் தூள் இருக்கும். அந்தத் தூள்தான் அலுமினியத்தின் அரிப்பு. ரிவெட்டிலிருந்து கறுப்புக் கோடு வழிந்திருந்தால், அது தளர்ந்து உராய்ந்துகொண்டிருக்கிறது. விளிம்பில் தகடு ஏடு ஏடாகப் பிரிந்து தடித்திருந்தால் அரிப்பு உள்ளே ஆழமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் சுரண்டவேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கண்ட இடத்தைப் பென்சிலால் குறிக்காதீர்கள். பென்சிலின் கிராஃபைட்டே அலுமினியத்தை அரிக்கும். படம் எடுத்து, படத்தின்மேல் குறியுங்கள். தேய்க்க இரும்புப் பஞ்சு எடுக்காதீர்கள். அதன் துகள்கள் தகட்டில் பதிந்து, ஒவ்வொன்றும் புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். நைலோன் தேய்ப்பான் போதும்.

விமானி அறையின் கண்ணாடி உண்மையில் கண்ணாடி அல்ல, பெர்ஸ்பெக்ஸ். பெற்றோல், ஸ்பிரிட், ஜன்னல் துடைக்கும் திரவம் எதுவும் அதில் படக்கூடாது. நுண்ணிய வெடிப்புகள் விழும். மென்மையான சவர்க்காரத் தண்ணீரும் வெறுங்கையும்தான் அதற்கு ஏற்றவை. மணல் ஒட்டியிருந்தால் கைக்குத் தெரியும், துணிக்குத் தெரியாது.

தொடக்கூடாத மூன்று

முதலாவது, இருளில் ஒளிரும் பழைய கருவி முகப்புகள். அந்த மையில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பூட்டிய படுக்கை அறையில் வைக்காதீர்கள். இரண்டாவது, விமானியைத் தூக்கி எறியும் இருக்கை. வெடிமருந்துக் குழல்கள் அகற்றப்பட்டன என்று தகுதியுள்ளவர் எழுத்தில் தரும் வரை யாரையும் அதில் உட்காரவிடவேண்டாம். பிள்ளைகளை அருகிலும் விடவேண்டாம். மூன்றாவது, மஞ்சள்-பச்சை நிற அடிப்பூச்சு. அதில் நச்சுள்ள குரோமேட் இருக்கும். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது.

இவற்றோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். வலையில் விமானத் துண்டு அகப்பட்டதாக மீனவர்கள் சொன்னால் விலை பேசவேண்டாம். வெடிபொருள் இருக்கலாம், மனித எச்சமும் இருக்கலாம். முதலில் பொலிசுக்குச் சொல்லுங்கள். கடலில் விழுந்தவர்களுக்கு அது சமாதி.

பூச்சும் பலகையும்

புதிய பூச்சு அடிக்கும் முன், பழைய பூச்சில் ஒரு சிறு இடத்தை ஈரமாகத் தேய்த்துப் படிப்படியாக இறக்குங்கள். வெவ்வேறு காலத்து நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். அந்த இடத்தை மூடாமல் தெளிந்த வார்னிஷ் அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். விமானத்தின் சேவைக் கதை அதில் இருக்கிறது. ஒட்டுப்போட்ட தகடு இருந்தால் அதையும் மறைக்கவேண்டாம்.

வேறொரு விமானத்தின் இலக்கத்தை எழுதினால், விளக்கப் பலகையில் அதைச் சொல்லுங்கள். இந்திய அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் தம் தந்தையான விமானப்படை அதிகாரியின் நினைவாகப் பழைய டகோட்டா ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, 2018இல் இந்திய விமானப்படைக்குக் கொடுத்தார். பரசுராமா என்ற பெயருடைய அதன் வாலில் விபி 905 என்று இருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவுக்கு மரியாதையாக இட்ட இலக்கம் அது. மரியாதை என்று அறிவித்துவிட்டால் அது நேர்மையான காட்சி, அறிவிக்காவிட்டால் போலி.

எங்கள் நாட்டில் இந்த நேர்மைக்கு இன்னும் பாரம் கூட. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் விமானங்களை வியந்து பார்ப்பவர்களும் இருப்பார்கள், உள்நாட்டுப் போரில் விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்களும் இருப்பார்கள். வீட்டு வளவில் வைக்கும் காட்சிக்கும் அதே இரு சாராரும் வருவார்கள். வேகம், எடை, இயந்திரம் என்று மட்டும் எழுதிய பலகை பாதி உண்மை. அந்த வகை விமானம் எந்த ஆண்டில் எங்கே, யார்மேல் பயன்பட்டது என்பதையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். தகட்டின் ஒட்டை மறைக்காதவர் வரலாற்றின் காயத்தையும் மறைக்கக்கூடாது.

உங்களுக்குப் பிறகு

தனியார் சேகரிப்புகளை உப்பைவிட வேகமாக அழிப்பது உரிமையாளரின் மரணம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், வளவு விற்கவேண்டியிருக்கும், லொறி வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போகும். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது, என்ன இலக்கம், எப்போது கழுவினோம், எங்கே அரிப்பு கண்டோம் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டும் அனுமதிக் கடிதமும் அதோடு இருக்கட்டும். கடதாசி இல்லாத பொருளை எந்த அருங்காட்சியகமும் தயங்கித்தான் வாங்கும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை உயிரோடு இருக்கும்போதே பேசி முடித்து எழுத்தில் வையுங்கள். நண்பரிடமும் இதைத்தான் வற்புறுத்துகிறேன். அவரிடமிருந்து பொறுப்பேற்பவருக்கு அந்தக் கொப்பியோடு, கழுவும் வேலையை இன்றே பழகத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவரும் கிடைக்கவேண்டும். உங்களிடம் இப்படியொரு பொருள் இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரை இந்தக் கிழமையே கூப்பிட்டு ரிவெட் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.