வனப்பகுதி முதலுதவி: கற்பிக்க முன்வருவோர் கற்க வேண்டியவை

முதலுதவி என்றவுடன் பலருடைய மனத்தில் தோன்றுவது நகரத்துக் காட்சியே. வீதியில் ஒருவர் அடிபட்டு விழுகிறார். அருகிலிருப்போர் இரத்தப் பெருக்கை நிறுத்துகின்றனர். சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் வண்டி வந்துவிடுகிறது. முதலுதவியாளரின் பொறுப்பு அத்துடன் முடிகிறது. ஆனால் காட்டின் நடுவே பணி புரியும் வனக் காவலருக்கோ, பாறைகளை ஆராயச் சென்ற நிலவியல் குழுவினருக்கோ, மாணவர்களை மலைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியருக்கோ அவ்வண்டி வருவதில்லை. முறையான மருத்துவ வசதியை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் இடத்தில் அளிக்கப்படும் உதவியே வனப்பகுதி முதலுதவி எனப் பொதுவாக வரையறுக்கப்படுகிறது. இமயமலைப் பகுதியிலும் அடர்ந்த காடுகளிலும் ஒரு மணி என்பது மிகக் குறைந்த அளவு. ஓர் இரவு முழுவதும் நோயாளி முதலுதவியாளரின் பொறுப்பிலேயே இருக்க நேரிடலாம். இத்தகைய உதவியைப் பிறருக்குக் கற்பிக்க விரும்புவோர் தம்மை எவ்வாறு தகுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்குக் கூறப்படுகிறது.

பயிற்சியின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவியுள்ள பாடத்திட்டத்தில் முதற்படி 16 மணி நேரம் கொண்டது. இரண்டு நாட்களில் முடிவது. அடுத்த படி 70 முதல் 80 மணி நேரம் கொண்டது. கற்பிக்க விரும்புவோர் இரண்டாவது படியையேனும் முடித்து, மெய்யான நோயாளிகளைக் கவனித்த அனுபவமும் பெற்று, அதன் பின்னர்க் கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி பெறுவது நல்லது. இக்கடைசி அமிசத்தை நம் நாட்டு மலையேற்ற நிலையங்கள் நன்கு உணர்ந்துள்ளன. டார்ஜிலிங்கில் 1954-ஆம் ஆண்டிலும் உத்தரகாசியில் 1965-ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்ட நிலையங்களில், அடிப்படைப் பாடத்திலும் உயர்நிலைப் பாடத்திலும் சிறப்பாகத் தேறியவர்களுக்கெனக் ‘கற்பிக்கும் முறை’ என்ற தனிப்பாடம் நடத்தப்படுகிறது. நன்றாக மலையேறத் தெரிந்தவர் நன்றாகக் கற்பிக்கவும் செய்வார் என்று கொள்ளாமையே இவ்வேற்பாட்டின் சிறப்பு. முதலுதவிக்கும் இது முற்றிலும் பொருந்தும். கட்டுப் போடுவதில் கைதேர்ந்த பலர், ஏன் அப்படிக் கட்ட வேண்டும் என்று மாணவன் கேட்டவுடன் திகைத்து நிற்பதைக் காணலாம்.

அந்த ‘ஏன்’ என்பதே பயிற்சியாசிரியர் முதலில் கற்க வேண்டியது. இறுக்குக் கட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டுமென்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. இன்று அது கூடாதென்று விலக்கப்பட்டுள்ளது. மாறாக, கையிலோ காலிலோ ஆழ்ந்த வெட்டுப்பட்டு, நேரே அழுத்தியும் இரத்தம் நிற்காவிடில் இறுக்குக் கட்டுப் போடத் தயங்கலாகாது என்பதே இன்றைய விதி. முன்னர் இதற்கும் பலர் அஞ்சினர். ஒரே கட்டு ஓரிடத்தில் உயிர் காக்கிறது. மற்றோரிடத்தில் தீங்கு விளைக்கிறது. காரணம் அறியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் இவ்விரண்டையும் மாற்றிச் செய்துவிடுவான்.

காரணம் கடினமானதன்று. இரத்தப் பெருக்கில் உடனடி அபாயம் இரத்தம் வெளியேறுவது. அதை நிறுத்த வேறு வழியில்லாதபோது அகலமான பட்டையைக் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது படாமல், இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். பாம்புக்கடியிலோ, கட்டு நஞ்சை நம்பத்தக்கவாறு தடுப்பதில்லை. விரியன் வகைகளின் நஞ்சு கடித்த இடத்துத் தசையையே அழிக்கக்கூடியது. அதை ஓரிடத்தில் தேக்கி, இரத்த ஓட்டத்தையும் தடுத்தால் அவ்வுறுப்பையே இழக்க நேரிடும். இறுகிய கட்டைத் திடீரென அவிழ்க்கும்போது நஞ்சு ஒருசேரப் பரவும் அபாயமும் உண்டு. ஆகையால் வேறெவரேனும் இறுகக் கட்டி அனுப்பிய நோயாளியின் கட்டை வழியில் அவிழ்க்காமல், மருத்துவரின் முன்னிலையில் அவிழ்ப்பதே முறை.

இதில் பிழையாகக் கற்பிப்பது எத்துணைப் பெருங்கேடு என்பதற்கு ஒரு கணக்கே போதும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இச்சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதற்கான தேசியத் திட்டம் 2024-இல் வெளியிடப்பட்டது. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, மோதிரம், வளையல், காற்சங்கிலி முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பைச் சிம்பு வைத்து அசையாமற் செய்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்வதே முதலுதவி. கீறுதல், உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகிய யாவும் விலக்கு. நச்சு முறிவு மருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும். கட்டுவிரியனைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். அது பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலியோ தடமோ அநேகமாக இராது. விடியற்காலையில் வயிற்றுவலியும், கண்ணிமை தொங்குதலும் தோன்றினால், பல் தடம் இல்லை என்று சொல்லிக் காத்திருப்பவர் உயிரிழப்புக்கு வழி செய்கிறார். மூச்சுத் தசைகள் செயலிழந்துவிட்டால், மருத்துவமனை சேரும்வரை வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுத்துக்கொண்டே செல்ல வேண்டியிருக்கும்.

உயர்ந்த மலைப்பகுதிகளில் பிரச்சினை வேறு வகையானது. அங்கே அறிவுக் குறைவைவிட முடிவெடுக்கும் துணிவின் குறைவே அதிகத் தீங்கு செய்கிறது. 1962-ஆம் ஆண்டு எல்லைப் போரையொட்டிச் சமவெளியிலிருந்து விரைவாக மலையுச்சிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் படைவீரர்கள் பலர் நோயுற்றனர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரோடு பணியாற்றியோரும் இத்தகைய 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்மலை நோயைப் பற்றிய அறிவுக்கு உலக அளவில் அடிப்படையாக அமைந்தது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவதும் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட விதிகள். தலைவலியுடன் தள்ளாட்டமோ மனக்குழப்பமோ கண்டால், அல்லது ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினால், கீழே இறங்குவதே சிகிச்சை. 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினால் பெரும்பாலும் நலம் காணலாம். இவை யாவும் குழுத் தலைவருக்குத் தெரிந்தே இருக்கும். எனினும் சிகரம் அருகில் தெரிகிறது, பணம் செலவாகிவிட்டது, நோயாளியே “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறார். ஆகவே பயிற்சியாசிரியர் நோயின் குறிகளைப் பட்டியலாக ஒப்பிக்கச் செய்தால் போதாது. ஒருவரைக் குதிகாலும் விரலும் தொடும்படி நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லி, அவர் தவறினால் குழுவைத் திருப்புமாறு கட்டளையிடும் வேலையை மாணவனிடமே ஒப்படைக்க வேண்டும்.

இங்குத்தான் கற்பிக்கும் கலை தொடங்குகிறது. விரிவுரை குறுகியதாகவும் ஒத்திகை நீண்டதாகவும் இருத்தல் நலம். மின்னல் தாக்கிய ஒரு குழுவைப் போல் நான்கு பேரை நடிக்கச் செய்யலாம். நம் நாட்டில் அண்மைக் காலங்களில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனராதலின் இது கற்பனைக்காக மட்டும் அமைத்த விபத்தன்று. நால்வரில் ஒருவர் வலியால் அலற, இருவர் முனக, ஒருவர் அசைவற்றுக் கிடக்கட்டும். புதிய மாணவர்கள் அலறுபவரிடமே ஓடுவர். அவர்களைத் தடுக்காமல் இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பின்னர், அலறுபவர் சுவாசிக்கிறார், அவர் பெரும்பாலும் பிழைப்பார் என்பதையும், மின்னல் தாக்கியபோது மட்டும் மூச்சற்றவரையே முதலில் கவனிக்க வேண்டும் என்பதையும் விளக்கினால் அப்பாடம் மறவாது. ஆசிரியரே முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிட்டால் மாணவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான், அவ்வளவே. ஒத்திகையில் பிழை செய்தவரை மற்றவர் முன் நகையாடுவது பெருந்தவறு. அவர் பிறகு மெய்யான விபத்தில் கைவைக்கவே கூசுவார்.

பயிற்சியாசிரியர் தம் பாடத்தையே காலந்தோறும் மாற்றிக்கொள்ளவும் நேரும். 1950-களில் நோயாளியைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தியும் கைகளை உயர்த்தியும் சுவாசம் கொடுக்கும் முறை எங்கும் கற்பிக்கப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் வாய்வழிச் சுவாசமே மேலானதென நிறுவப்பட்டது. 1960-இல் பால்டிமோர் நகர ஆய்வாளர்கள் மார்பை அழுத்தும் முறையை வெளியிட்டனர். இன்று நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துமாறு கூறப்படுகிறது. இச்சான்றிதழ்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே செல்லுபடியாவதற்குக் காரணம் இதுதான். இருபதாண்டு அனுபவமுள்ளவர்கள் மறுதேர்வு எழுதுவதை இழிவாகக் கருதுவது விந்தையே.

கடைசியாக, பெரும்பாலான வகுப்புகளில் நேரமில்லையென்று விடப்படும் ஒரு சிறு பயிற்சியைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் மாணவர் ஒரு தாளில் விபத்து நேர்ந்த நேரம், நாடி, சுவாசம், நினைவு நிலை, செய்த உதவி, கொடுத்த மருந்து ஆகியவற்றை நேரவாரியாக எழுதுதல் வேண்டும். பாம்புக்கடியாயின் வீக்கத்தின் எல்லையைத் தோலின் மீதே பேனாவால் கோடிட்டு, கோட்டருகே மணியைக் குறிக்கலாம். மழையில் நனையாதபடி அத்தாளை உறையிலிட்டு நோயாளியின் சட்டையில் குத்தி அனுப்பப் பழக்க வேண்டும். முதலுதவியாளர் மலையிலேயே தங்கிவிட, நோயாளி மட்டும் சுமப்பவர்களுடன் கீழே செல்லும்போது, மருத்துவருக்குக் கிடைக்கும் சாட்சி அத்தாள் ஒன்றேயாகும்.